விளக்கை அணைக்கக் கேட்ட மனு

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை டூட்டி. சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. ஞாயிறென்றால் கூட்டம் குறைவு என்று பேர். அன்றைக்கென்று ஒரு கல்யாண வேன் கவிழ்ந்து எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் பிடித்துத் திருப்பிப் படுக்கவைத்துப் படம் எடுத்து முடித்தபோது மணி ஒன்றரை. தோள்பட்டை கனத்துப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை. சாப்பிடாமல்கூட வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மேசைக்கு அடியில் லேப்டாப் பை உட்கார்ந்திருந்தது. வெண்ணந்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், நான்கு மணிக்கு, வானத்தைப் படம் எடுப்பது பற்றி நான் பேசப்போவதாக நோட்டீஸ் அடித்திருந்தார்கள்.

வானத்தைப் படம் எடுக்க ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் இருப்பவர். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். அந்தக் காலத்தில்தான் யாரோ விற்ற பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவையும் மெல்லத் திருப்பும் கருவி ஒன்றைப் பிறகு வாங்கினேன். ஒரே இடத்தை நூறு, இருநூறு முறை எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கண்ணுக்குத் தட்டுப்படாத வாயு மேகமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பகலெல்லாம் தோலுக்குள் இருக்கும் எலும்பைப் படமெடுப்பவளுக்கு இது அப்படியொன்றும் அந்நியமான வேலையாகத் தெரியவில்லை.

சேலத்து வானம் இதற்கு உதவாது. அதனால் என் தம்பியின் காட்டுக்குப் போவேன். அவனுக்கு அந்தக் கிராமத்தில், ஏரிக்கு அந்தப் பக்கம், மூன்று ஏக்கரும் நான்கு மாடுகளும் உண்டு. நிலா இல்லாத சனிக்கிழமைகளில் நான் பையோடு போய் இறங்கினால், அவன் வரப்போரம் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு எனக்குத் துணையாக உட்கார்ந்திருப்பான். எத்தனையோ படங்கள் அங்கே எடுத்தவைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரை முக்கில் உயரமான கம்பம் ஒன்றை நட்டு, உச்சியில் சுற்றிலும் விளக்குகள் பொருத்தினார்கள். ஹைமாஸ் விளக்கு என்பார்கள். ஊருக்கே வெளிச்சம். என் படங்களில் மேற்கு வானம் முழுக்கப் பாலைக் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. வடிகட்டிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கேமராவை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. இதை நூலக வாசகர் வட்டத்தின் செயலாளரிடம் ஒருநாள் புலம்பினேன். அவர் அந்த ஊரில் உரக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊரில் யார் நடமாடுகிறார்கள், அப்போது விளக்கை நிறுத்தினால் கரண்டும் மிச்சம் என்றார். நீங்கள் வந்து ஒரு பேச்சுப் பேசுங்கள், படத்தைப் பார்த்தால் ஜனங்களுக்குப் புரியும், முடிந்ததும் மனுவில் கையெழுத்து வாங்கிப் பஞ்சாயத்தில் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். மனுவை நானே எழுதினேன். இரவு வானம் நம் பிள்ளைகளின் சொத்து என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், பேசுவது எனக்கு அலுத்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடம், கல்லூரி, ரோட்டரிக் கூட்டம் என்று பல இடங்களில் அதே படங்கள், அதே வரிசை, அதே இடத்தில் அதே சிரிப்பு. கேள்விகளும் மாறாது. கேமரா என்ன விலை, வேற்றுக்கிரக மனுஷன் உண்டா, என் பையன் ஜாதகத்தில் சனி எங்கே இருக்கிறான். எல்லாவற்றுக்கும் பதில் வாயில் தயாராக இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்றைக்கு ராத்திரிக்குச் சோறு ஆக்குவதா தோசை ஊற்றுவதா என்று மனசு வேறெங்கோ யோசித்துக்கொண்டிருக்கும். இந்த ஒரு பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாம், மனு மட்டும் நிறைவேறினால் போதும் என்ற எண்ணத்தோடுதான் ராசிபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

மல்லூரில் இறங்கியபோது தம்பி பைக்கோடு நின்றிருந்தான். வெயில் தாழவில்லை. மாசி மாதம்தான், ஆனாலும் சூடு முகத்தில் அடித்தது. வழியில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடியதில் ஒரு நிமிஷம் தூங்கிக்கூடப் போனேன்.

கூடத்தில் எழுபது எண்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். புரொஜெக்டர் கல்யாண வீடியோ எடுப்பவருடையது, அவரே கொண்டுவந்திருந்தார். ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. சாயங்கால வெயில் நேராகத் திரைமேல் விழுந்து, முதல் படத்தில் இருந்த பால்வீதி வெறும் அழுக்குத் துணிபோலத் தெரிந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பெட்ஷீட் வாங்கி ஜன்னலில் ஆணியடித்து மாட்டுவதற்குள் அரை மணி நேரம். அதற்குள் பத்துப் பேர் எழுந்து போய்விட்டு வேறு எட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

பேசினேன். நிலாவில் ஆரம்பித்து, சனியின் வளையம், பிறகு மார்கழியில் தம்பியின் காட்டிலிருந்து எடுத்த ஓரியன் நெபுலா. புதுசாக நட்சத்திரங்கள் பிறக்கிற மேகம் அது. இளஞ்சிவப்பும் நீலமுமாக விரிந்து கிடக்கும். அந்தப் படத்துக்கு எப்போதும் ஒரு சத்தம் வரும், அன்றைக்கும் வந்தது. ஒரு பெரியவர், இது நம்மூர் மேலயா இருக்குது சாமி என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அதன் பிறகு விளக்கு இல்லாத காலத்துப் படத்தையும் விளக்கு வந்தபின் எடுத்த படத்தையும் அருகருகே காட்டினேன். எங்கள் பாட்டுக்கு நானும் என் தம்பியும் காட்டில் கட்டிலைப் போட்டு வானத்தை ரசித்துக்கொண்டிருப்போம், இப்போது அந்தக் கொடுப்பினையும் போச்சு என்று சொன்னேன். வழக்கமாகச் சொல்வதுதான். தம்பி கதவருகே நின்று சிரித்தான்.

முடித்ததும் கைதட்டினார்கள். செயலாளர் எழுந்து மனுவின் சாராம்சத்தைச் சொன்னார். பேனாவை நூலில் கட்டிய அட்டை முதல் வரிசையிலிருந்து கிளம்பியது. யாரும் படிக்கவில்லை. மொய் எழுதுவதுபோல வரிசையாகக் கையெழுத்துப் போட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள். நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றிருந்தது.

இரண்டாவது வரிசையில் அட்டை நின்றுவிட்டது. ஒரு பெண் அதை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தாள். கையெழுத்துப் போடாமல் எழுந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமுங்களா?"

சொல்லுங்க என்றேன்.

"இதுல ராத்திரி பத்து மணிக்கு மேல லைட்ட நிறுத்தோணும்னு எழுதியிருக்குதுங்க. நாங்க ஸ்பின்னிங் மில்லுல ரெண்டாம் ஷிப்டுங்க. பத்து மணிக்குத்தான் உடுவாங்க. மில்லு வேன் ஏரிக்கரை முக்குல எறக்கி உட்டுட்டுப் போறப்ப பத்தே முக்கா ஆயிருமுங்க. அங்கிருந்து ஊட்டுக்கு நடக்கோணும். பதினோரு பொம்பளைங்க."

செயலாளர் குறுக்கிட்டு, அதையெல்லாம் பஞ்சாயத்தில் பேசிக்கொள்ளலாம் அம்மா, இப்போது நேரமாகிறது என்றார். தன் பேர் கெடாமல் கூட்டம் முடிய வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அவங்க பேசட்டும் என்று நான்தான் சொன்னேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. என்னிடம் இதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது, அதைச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். விளக்கை அடியோடு அணைக்க வேண்டியதில்லை, வெளிச்சம் மேலே போகாமல் தகட்டால் ஒரு கூடு போட்டு, தரையில் மட்டும் விழும்படி செய்யலாம் என்று விளக்கினேன். வெளிநாட்டில் அப்படித்தான் என்றும் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, கூடு போட்டால் கல்லுக்கட்டுவரைக்கும் வெளிச்சம் வருமா என்றாள். ஏரித் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டிய கல்சுவர் அது. முக்கிலிருந்து நூறடி தள்ளி, பாதை வளைகிற இடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

"லைட்டு வாரதுக்கு முன்னால எங்ககூட ஒரு புள்ள வந்துட்டிருந்துச்சுங்க. கல்லுக்கட்டுகிட்ட இருட்டுல ஒருத்தன் நின்னு அவ கையப் புடிச்சு இழுத்துட்டான். நாங்க கத்துனதுல ஓடிட்டான். மூஞ்சி ஆருக்கும் தெரியல. மக்யா நாள்ல இருந்து அந்தப் புள்ள வேலைக்கு வரல. ரெண்டு மாசத்துல கல்யாணம் பண்ணி அனுப்பிச்சுட்டாங்க. அதுக்கப்பறம் நாங்க நடையா நடந்து வாங்குன லைட்டுங்க அது."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க ராத்திரில படம் புடிக்கறப்ப தொணைக்கு ஆருங்க வாராங்க?"

"என் தம்பி," என்றேன்.

"எங்களுக்கு அப்படி ஆளில்லீங்க. அந்நேரத்துக்கு ஊட்டுல தூங்கிருவாங்க. இல்லீனா குடிச்சிருப்பாங்க."

அவ்வளவுதான். அட்டையைப் பக்கத்து ஆளிடம் கொடுக்காமல், முன்னால் வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

கூசுகிற வெளிச்சம் இருந்தால் அதற்கு அப்பால் நிற்பவன் இன்னும் தெரியமாட்டான், கூடு போட்ட விளக்கில்தான் நன்றாகத் தெரியும் என்று ஒரு வாதம் உண்டு. நான் பல மேடைகளில் சொன்னதுதான். அன்றைக்கு அது நாக்குவரை வந்தது, சொல்லவில்லை. அந்தப் பாதையில் பத்தே முக்கால் மணிக்கு நடந்து பார்த்தவள் அவள். நான் அந்தப் பாதையைத் தம்பியின் பைக்கில் தாண்டியிருக்கிறேன், அதுவும் கேமராப் பை கீழே விழுந்துவிடுமோ என்ற கவலையோடு.

முதல் வரிசையிலிருந்த பெரியவர் எழுந்து, என் கையெழுத்தை அடித்துவிடுங்கள் சாமி என்றார். அவரைப் பார்த்து இன்னொருவரும் வந்தார். பிறகு நாலைந்து பேர். ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் பெயரைத் தேடி அடித்துக்கொண்டிருந்தபோது, அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். கை வலித்தது. கடைசியில் காகிதங்களை அட்டையிலிருந்து உருவி, நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதைப் பஞ்சாயத்தில் நான் கொடுக்கப்போவதில்லை என்று மைக் இல்லாமலே சொன்னேன். எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. செயலாளர் சால்வை போர்த்தினார். அவருக்கு முகம் சுண்டியிருந்தது. இவ்வளவு மெனக்கெட்டு ஆள் சேர்த்தவர், பாவம்.

வெளியே வந்து அந்தப் பெண்ணைத் தேடினேன். பெட்ஷீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள், அவள் அப்போதே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மல்லூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தம்பி டீ வாங்கிவந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவனைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதுக்கு அதிகமாகத் தலை நரைத்திருந்தது. காட்டில் எனக்குத் துணையாக உட்கார்ந்திருப்பது அவனுக்கு அலுப்பாக இருந்ததா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்கிறேன் என்பது கேட்டபிறகுதான் உறைத்தது.

"அலுப்பில்லாம இருக்குமாக்கா. மூணரைக்கு எந்திரிச்சுப் பால் கறக்கோணும்," என்றான்.

வானத்தைப் பார்ப்பாய்தானே என்றேன். எங்கே பார்ப்பது, நீ கேமராவோடு குனிந்துகொண்டிருப்பாய், பாம்பு வருகிறதா, ஆள் வருகிறதா என்று நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றான். கட்டிலை எப்போதும் பாதையைப் பார்த்துத்தான் போடுவானாம். நான் கவனித்ததே இல்லை. நானும் என் தம்பியும் ரசித்துக்கொண்டிருப்போம் என்று சற்றுமுன் மேடையில் சொன்னது ஞாபகம் வந்தது.

ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சநேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"உனக்கு வேற என்னக்கா இருக்குது," என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தோசையும் ஊற்றவில்லை, சோறும் ஆக்கவில்லை. சால்வையையே விரித்துப் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். தம்பி போன் செய்து கேட்பான். உடம்புக்கு முடியவில்லை என்பேன். முழுப்பொய் என்று சொல்ல முடியாது. விடுமுறையில் வீட்டுக்காரர் வந்திருந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டுமுறை போனேன். அவர் பத்தாவது நிமிஷம் குறட்டை விட்டார். மற்ற நாளில் மொட்டைமாடியில் கருவியை வைத்து நிலாவையும் வியாழனையும் எடுக்கிறேன். எவ்வளவு வெளிச்சத்திலும் அவை தெரியும். பேச்சுக்கும் கூப்பிட்டார்கள், போனேன். விளக்கைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு பேச்சு பத்து நிமிஷம் சீக்கிரமாக முடிந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

ஐப்பசி மழையில், ஒரு வியாழக்கிழமை, ஸ்கேன் சென்டரில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது வீல்சேரில் ஒரு அம்மாவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள். மாமியாராம். வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. ஏப்ரனும் மாஸ்க்குமாக இருந்த என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. படுக்கவைத்துக் காலை நேராக்கும்போது என் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்க்கை இறக்கினேன்.

"நீங்களாக்கா," என்றாள். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

படம் எடுத்தேன். எலும்பு உடைந்திருக்கிறதா என்று கேட்டாள். டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக் கூடாது. ஆனாலும் மெதுவாகத் தலையை ஆட்டி இல்லை என்றேன். மாமியாரை வீல்சேரில் ஏற்றி உட்காரவைத்த பிறகு அவள் கிளம்பாமல் நின்றாள். அந்த மனு விஷயம்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு அன்றைக்கு அப்படி எழுதியது தப்புதான் என்றேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கிடக்குதுங்கக்கா என்றாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னுதான் வந்தேன். ஞாயித்துக்கெழம ஒருநாள்தான் தூங்கறது, தூங்காம வந்து முன்னாலயே எடம் புடிச்சு உக்காந்தேன். கேக்கறதுக்குள்ள அந்தப் பேப்பர் வந்துருச்சு."

என்ன கேட்க நினைத்தீர்கள் என்றேன்.

வேன் இறக்கிவிட்டதும் நடந்துபோகிற வழியில், விளக்கு வெளிச்சத்தைத் தாண்டிய பிறகு அவர்கள் மேலே பார்ப்பார்களாம். மழை பெய்து விட்ட மறுநாள் மட்டும் நட்சத்திரம் அதிகமாக இருக்கிறதே, அது ஏன், மற்ற நாளில் அவையெல்லாம் எங்கே போகின்றன என்பதுதான் அவள் கேள்வி.

இத்தனை மேடைகளில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எட்டு மாதமாக என் மனசில் அவள் அந்த மனுவை நிறுத்தியவள், அவ்வளவுதான். எதற்காக அந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஏரிக்கரை விளக்குக்காகச் சண்டை போட வந்தவள் என்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

காற்றில் எப்போதும் தூசி மிதந்துகொண்டிருக்கிறது, நட்சத்திரத்திலிருந்து வருகிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் அது மறித்துவிடுகிறது, மழை தூசியைக் கழுவி இறக்கிவிடுவதால் மறுநாள் மங்கலானவையும் தெரிகின்றன, அவை எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். அவள் யோசித்தாள்.

"மில்லுல பஞ்சு பறக்காம இருக்கத் தண்ணியப் பொகையாட்டம் அடிப்பாங்க. அடிச்சா அந்தக் கடைசி மிஷின்வரைக்கும் தெரியும். அது மாதிரிங்களா?"

"அது மாதிரிதான்," என்றேன்.

தலையை ஆட்டினாள். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அவள் வீல்சேரைத் திருப்பிக்கொண்டு, படம் எங்கே வாங்குவது என்று கேட்டாள். வலப்பக்கம் மூன்றாவது கவுண்டர் என்று காட்டினேன். மாமியாரின் காலை இடிக்காமல் கதவைத் தாண்டக் கொஞ்சநேரம் ஆயிற்று. நான் ஏப்ரனின் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.